சாயம் குடித்த கரும்பொடி

பின்னறையில் பொத்தென்று ஏதோ விழுந்த சத்தம். கூடவே தண்ணீர் தெறிக்கும் ஓசை.

சாயப்பட்டறையின் முன்னறையிலிருந்த தங்கை பதறித் திரும்பினாள். "அண்ணா, என்ன பண்றே அங்கே?"

"நீ செஞ்சு வச்ச பொடி முழுசையும் சாயத்தண்ணித் தொட்டியில கொட்டிட்டேன்மா! மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வர்ற நாளாச்சே. நிறையப் போட்டா தண்ணி நல்லா வெளுக்கும்ல?"

ஓடிப் போய்ப் பார்த்தாள். சற்று முன்வரை சிவப்பாக இருந்த சாயக்கழிவு நீர், மை போல் கறுத்துக் கிடந்தது. கைப்பிடியளவு போட வேண்டிய இடத்தில் ஒரு வாளி நிறைய! துணியில் வடிகட்டினாலும் நிற்காத நுண்பொடி அது.

"சமையல்ல உப்பும் இப்படித்தான் கொட்டுவாரு மகராசன்," என்று தலையில் அடித்துக்கொண்டாள், பின்னாலேயே வந்த அண்ணி.

தண்ணீர் தெளியாவிட்டால் சாயப்பட்டறைக்கு இன்றே சீல். அண்ணனின் முகம் வெளிறியது. இதே பட்டறையில் கை வெந்து, நகமெல்லாம் நிறமேறித்தான் அவன் தங்கையைப் படிக்க வைத்தான். கணவன் அவளை நட்டாற்றில் விட்டுப் போனபோது, "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அழைத்து வந்தவனும் அவனே. அந்த அண்ணனுக்காகத்தான் பகலில் ஆய்வுக்கூட வேலை முடிந்ததும், மாலையில் இந்தப் பொடியோடு மல்லுக்கட்டினாள். கரியும் இரும்பும் சேர்ந்த, கண்ணுக்கே தெரியாத துகள்கள்; சாயத்தைத் தம்மேல் இழுத்துக்கொள்ளும். அவள் முகத்தில் எப்போதும் ஒரு தீற்றல் இருக்கும். அண்ணிக்கு அவள் 'கரிமூஞ்சி'.

இரும்பு கலந்த பொடிதானே! சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணி, அந்த ஸ்பீக்கரைக் கழட்டுங்க. காந்தம் வேணும்."

"ஐயோ, என் பாட்டுப் பெட்டி!" அண்ணன் அலறினான்.

"பட்டறை வேணுமா, பாட்டு வேணுமா?"

அகலமான பிளாஸ்டிக் தட்டின் அடியில் காந்தங்களைப் பொருத்தி, தொட்டி நீரைக் குழாய் வழியே மெல்ல மெல்ல அதன்மேல் ஓடவிட்டாள். கறுப்பெல்லாம் கம்பளிப்பூச்சி போலச் சிலிர்த்துக்கொண்டு தட்டில் ஒட்டிக்கொண்டது. மறுமுனையில் கண்ணாடியாய்ச் சொட்டியது தண்ணீர்.

"தண்ணி சரி," என்றது ஒரு குரல். ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டபடி, கையில் பூட்டோடு வாசலில் நின்றிருந்தாள் பெண் அதிகாரி. "இந்தச் சேத்தை எங்கே கொட்டுவீங்க? சாக்கடையிலதானே?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. தங்கை போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். பட்டறை இருண்டது. மூலையிலிருந்த ஒரு தகரப்பெட்டியின் பொத்தானைத் தட்டினாள். விளக்கொன்று எரிந்தது.

"போன தடவை சாயம் குடிச்ச பொடிதான் மேடம் இது. காத்துப் படாம சூளையில சுட்டா அந்தச் சாயமும் கரியாயிடும். அதைத் தகட்டுல பூசி இந்தப் பெட்டிக்குள்ள அடுக்கியிருக்கேன். கூரைமேல இருக்கற சோலார் கொடுக்கற கரண்டை, பேட்டரி மாதிரி பிடிச்சு வச்சுக்கும்."

"எவ்வளவு நேரம் எரியும்?"

"இப்போதைக்குக் கொஞ்ச நேரம்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனா தொட்டியைக் கலக்கற மோட்டாரையே இதுல ஓட்டிக் காட்டாம ஓயமாட்டேன்."

சொல்லும்போதே விளக்கு மங்கத் தொடங்கியது. அவள் கண்கள் மங்கவில்லை. அதிகாரி அந்தக் கண்களைப் பார்த்தாள். பிறகு பூட்டைப் பைக்குள் போட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தண்ணி பரிசோதனையில தேறினாத்தான் பட்டறை திறந்திருக்கும். அதுவரைக்கும் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது."

"போகாது மேடம்."

அதிகாரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "பொடி போடற வேலை இவங்களோடது. நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க."

அண்ணி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதிகாரி படியிறங்கிப் போக, அண்ணன் கதவைச் சாத்தினான்.