நடுவிலிருந்து உருவிய கேள்வி

அறுபதுகளின் நடுவில், மழைக்காலம் தொடங்கும் முன்பு, சிவகாசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடியில் உப்பு சுமந்தேன், மதுரையில் மாவாட்டினேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. இங்கே ஒரு நர்ஸம்மா வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். கணவரை இழந்தவர். ஒரே மகள் விருதுநகரில் பி.யூ.சி. படித்தாள்.

மார்ச் பரீட்சையில் அவளுக்குப் பொருளாதாரம் மட்டும் போய்விட்டது. செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். இந்தத் தடவையும் போனால் படிப்பு நின்றுவிடும், சாத்தூரில் மாப்பிள்ளை தயாராக இருக்கிறார் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அந்தப் பெண் சோம்பேறி இல்லை. முற்றத்தில் நடந்துகொண்டே பக்கம் பக்கமாக இங்கிலீஷில் ஒப்பிப்பாள்.

ஒரு ஞாயிறு, சர்ச்சுக்குப் போய்வந்து நர்ஸம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு பாடம் முழுவதையும் தட்டுத்தடுமாறாமல் ஒப்பித்தாள். நான் விளையாட்டாகப் புத்தகத்தை வாங்கி, நடுவில் பிரித்து, ஒரு வரியில் விரல் வைத்தேன்.

"இது என்ன சொல்லுது பிள்ள?"

அவள் முழித்தாள். "மேலருந்து ஆரம்பிச்சாத்தாண்ணே வரும்."

எனக்குப் பரபரவென்று ஆகிவிட்டது. ஏனென்றால் கம்பெனியில் என் வேலையே அதுதான். பண்டல் கட்டுகிறவர்கள் நல்ல பெட்டிகளை மேலே அடுக்கிவிடுவார்கள். அதனால் கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவி, குச்சியை உரசிப் பார்க்க வேண்டும். நமுத்த சரக்கு அங்கேதான் மாட்டும். விஷயத்தைச் சொன்னதும் நர்ஸம்மா வெடித்தார்.

"ஏலே, எம்மவ என்ன தீக்குச்சியா? உனக்கு இங்கிலீசுல ஒரு எளுத்துத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. அதான் தமிள்ல சொல்லச் சொல்லுதேன். எனக்கு வெளங்கிட்டா பத்திக்கிச்சுன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து தினமும் நான் வேலை முடிந்து வந்ததும் புத்தகத்தை எங்காவது பிரிப்பேன். முதலில் ஒன்றும் பற்றவில்லை. தேவை, விலை என்று அவள் ஒப்பிப்பாள். புரியவில்லை என்பேன். மறுபடி சொல்வாள். அப்போதும் புரியவில்லை என்பேன். ஒருநாள் கோபத்தில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்.

"சீசன்ல எல்லாரும் வெடி கேக்காக, அதனால வெல ஏறுது. தீவாளி முடிஞ்ச மறுநாள் எவன் கேப்பான்? அதே சரம் பாதி வெலைக்கு வரும். இதுகூடவா வெளங்கல?"

"வெளங்கிருச்சு!" என்று நானும் கத்தினேன். அடுப்படியிலிருந்து நர்ஸம்மா ஓடிவந்து, "என்னலே, தீப்பிடிச்சிருச்சா?" என்றார். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. எங்கே பிரித்தாலும் பேசினாள். அவளுக்கே தெரியாத இடத்தில் நின்று யோசித்து, திரும்பப் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

பரீட்சை எழுதிவிட்டு விருதுநகரிலிருந்து வந்தவள், பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த என்னைப் பார்த்து, பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கைகாட்டிக் கூவினாள். "நடுவுலருந்துதாண்ணே கேட்டிருக்கான்! ஒரு கேள்விகூட பொஸ்தகத்துல உள்ளபடி இல்ல!"

பேப்பரில் அவள் நம்பர் வந்த அன்று நர்ஸம்மா அழுதுகொண்டே தெருவெங்கும் சீனி கொடுத்தார். எனக்கும் ஒரு கை சீனி தர வந்த மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

"சும்மா கிடையாது. வாங்குத சம்பளம் அப்படியே இருக்கு, அரிசி வெல ஏறிப்போச்சு. உங்க சம்பளம் ஏறிச்சா, எறங்கிச்சா?"

"எண்ணிப் பாத்தா அதே பணம். ஆனா வாங்குத அரிசி கம்மி. அப்ப எறங்கித்தானம்மா போச்சு?"

"பத்திக்கிச்சு!" என்று கைதட்டினாள். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வீட்டுல ரெண்டு பாஸு" என்றார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அதுவரை என்னை யாரும் ஒரு பாடக் கேள்வி கேட்டதில்லை. எந்தப் பேப்பரிலும் என் நம்பர் வந்ததில்லை. அடுத்த வருடம் அந்த ஊரையும் விட்டுக் கிளம்பிவிட்டேன். ஆனாலும் நானும் ஒரு தடவை உரசப்பட்டுப் பற்றிக்கொண்டவன் என்ற நினைப்பு, போன ஊருக்கெல்லாம் என்னோடு வந்துகொண்டே இருக்கிறது.