எட்டு கிளிப், பாதி மீசை

சலூன்காரருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசமாகிறது. கையும் காலும் ஒருவழியாகத் திரும்பிவிட்டன. போக மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது அசதி ஒன்றுதான். அதுவும் சாதாரண அசதியா? பத்து மணி நேரம் தூங்கி எழுந்து பல் தேய்த்தால் மறுபடி படு என்னும். பார்க்கிறவர்களோ ஆள் நல்லாத்தானே இருக்கார் என்றார்கள். அசதி என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கும் வெட்கம். வீம்புக்கு இரண்டு தடவை கடையைத் திறந்தார். இரண்டு தடவையும் மறுநாள் கட்டிலைவிட்டு எழவில்லை.

வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் அம்மா அவர் சட்டையில் எட்டு துணி கிளிப்பை மாட்டிவிட்டார். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தெம்பு. குளித்தால் ஒன்று போச்சு, மாடி ஏறினால் இரண்டு போச்சு. எல்லாம் தீர்ந்தால் படுத்துவிட வேண்டும். கடைச் சாவி மனைவியிடம் போனது.

"கத்தி பிடிக்க நான் சொல்லித் தர வேண்டாம். நிறுத்தப் பழகுங்க. நீங்களா நிறுத்துற அன்னைக்குச் சாவி உங்க கையில," என்றார் தெரபிஸ்ட் அம்மா.

பரீட்சைக்கு மாட்டியது மனைவியின் தம்பி. டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. மீசை இருபது வருஷத்துப் புதர். எடுத்துவிடலாம் என்று எந்த நேரத்தில் வாயைத் திறந்தானோ! குளியலுக்கு ஒன்று, உடை மாற்ற ஒன்று, மீசைக்கு மூன்று, மிச்சம் மூன்று என்று சலூன்காரர் தெம்பாக வீட்டிலேயே உட்கார வைத்தார்.

மனுஷன் ஒன்றை மறந்துவிட்டார். முப்பது வருஷத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு முகம்கூட அவர் மழித்ததில்லை. பேசினாலும் தெம்பு தீரும் என்று தெரபிஸ்ட் அம்மா சொன்னது காற்றோடு போச்சு. நுரை தடவும்போதே எதிர்வீட்டுக்காரரின் தலைச்சாயக் கதையை எடுத்தார். மைத்துனனும் லேசுப்பட்டவனா, மேலதிகாரியின் குறட்டையை நடித்தே காட்டினான். அக்காக்காரி ஒவ்வொரு கிளிப்பாகப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். வலது பக்க மீசை வழுவழுவென்று ஆன நேரம், சட்டையில் ஒன்றுமில்லை.

தலைக்குள் அசதியின் கனம் இறங்கியது. பாக்கி இரண்டே நிமிஷ வேலை. பாதியில் கத்தியைக் கீழே வைத்தால் தொழில்காரன் மானம் என்னாவது? மைத்துனன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, மத்தியானம் டூட்டி என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினான்.

சலூன்காரர் கத்தியை மடித்தார்.

"அசதியா இருக்கு மச்சான். மீதி நாளைக்கு."

சொன்னதும் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்தது சிரிப்பினால் மட்டுமல்ல. அவர் போய்க் கட்டிலில் விழுந்தார்.

எழுந்தபோது தலையணைக்குப் பக்கத்தில் கடைச் சாவி. மைத்துனன் ஒரு பக்கத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே டூட்டி முழுக்க டிக்கெட் கொடுத்தானாம்.

மறுநாள் கடைக்கு முதல் ஆளாக அரை மீசை வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பை அடக்கத்தான் ஒரு கிளிப் கூடுதலாகப் போனது.