ஆரணிக்கு அக்கா தைத்த எகிப்திய நடனச் சட்டை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானபோது, இரண்டு பேர் என்னிடம் இரண்டு விதமாகக் கேட்டுக்கொண்டார்கள். "அந்த டான்ஸ் உடுப்புக் கதையை மட்டும் விட்டிடும்" என்றார் அத்தான். "அதை எழுதாட்டி அம்மாவைப் பற்றி எழுதவே வேண்டாம், சின்னம்மா" என்றாள் அவர்களின் ஒரே மகள் ஆரணி. இருவரும் அக்காவை உயிராக நேசித்தவர்கள். பல நாள் யோசித்துவிட்டு எழுதுவதென்றே தீர்மானித்தேன். அத்தான் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

அக்கா சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா திடீரென மறைந்தபோது அக்காவுக்குப் படிப்பை நிறுத்த வேண்டி வந்தது. அயல் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். நாட்டு நிலைமை மோசமாகி ஜெர்மனிக்குப் போனார். அங்கே யன்னல் திரைச்சீலைத் தொழிற்சாலையில் நாள் முழுவதும் வலைத்துணியின் கரை மடித்துத் தைக்கும் வேலை. அத்தானைக் கைப்பிடித்ததும் ஆரணி பிறந்ததும் அங்கேதான். மகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக லண்டன் வந்து குட்மேய்ஸில் குடியேறினார்கள்.

முன்னறையில் தையல் மெஷின் வைத்து சாறி பிளவுஸும் பரதநாட்டிய உடுப்பும் தைத்தார். தன்னிடம் அளவு கொடுத்த எந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றியும் அவர் இன்னொருவரிடம் வாய் திறந்ததில்லை. மார்பில் ஒன்றை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு சிநேகிதிக்கு, பார்ப்பவர் எவருக்கும் வித்தியாசம் தெரியாதபடி பிளவுஸ்கள் தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தச் சிநேகிதி செத்தவீட்டில் அழுதுகொண்டு சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

சமீரா என்பவர் அக்காவைத் தேடி வந்தது லண்டனில் அக்காவின் தையலுக்குப் பெயர் பரவிய பிறகுதான். கெய்ரோவில் பிறந்த அந்தப் பெண்மணி இல்ஃபோர்டில் மாலை வகுப்புகளில் இடுப்பை அசைத்து ஆடும் பெலி டான்ஸ் கற்பித்து வந்தார். கெய்ரோவிலிருந்து தருவித்த அவருடைய உடுப்பில் ஆட ஆட மணிகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அக்கா அதை மேசையில் விரித்து, தையலைப் பிரித்துப் பார்த்தார். முழு வரிசை மணியும் ஒரே நூலில் கோர்த்திருந்தது. ஓரிடத்தில் அறுந்தால் எல்லாம் கொட்டிவிடும். உள்ளே தடித்த துணி வைத்து, இடைக்கிடை முடிச்சுப் போட்டு, மார்க்கச்சையையும் இடுப்புப் பட்டியையும் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு சமீராவின் மாணவிகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் சொந்தக்காரப் பெண் ஒருவர், அக்காவுக்குக் கேட்கும்படியே, இந்தக் கையால் சாமிக்குச் சாத்தும் பட்டும் தைக்கிறாவோ என்று கேட்டார். அத்தான் மெஷினைப் பின்னறைக்கு மாற்றினார். அக்கா அங்கே இருந்து தைத்தார். தங்கள் மகளின் அரங்கேற்ற உடுப்பைத் தைக்கத் தந்திருந்த ஒரு குடும்பம் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன அன்று மட்டும் அவர் சாப்பிடவில்லை.

சமீராவோடு இருக்கும் நேரங்களில் அக்காவின் முகம் வேறு. சமீரா பழைய துணிகளைக் கொண்டுவந்து காட்டி அவற்றின் வரலாறு சொல்வார். மணி பதித்த அந்த இரண்டு துண்டு உடுப்பு ஒன்றும் பழங்காலத்தது அல்லவாம். போன நூற்றாண்டின் முற்பகுதியில் கெய்ரோவின் இரவு அரங்குகளில் பரவியதாம். அதற்கு முந்திய ஆட்டக்காரிகள் நீண்ட அங்கியும் அகன்ற காற்சட்டையும் அணிந்தார்களாம். கிராமங்களில் உடம்பு முழுக்க மூடிய சட்டையின் மேல், இடுப்பில் ஒரு சால்வையை இறுகக் கட்டிக்கொண்டே ஆடுவார்களாம்.

அவற்றில் அக்காவின் மனதைப் பிடித்துக்கொண்டது அஸ்யூத் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் வலைத்துணி. ஐரோப்பிய இயந்திரங்களில் நெய்த வலை எகிப்துக்குப் போக, அந்த ஊர்ப் பெண்கள் வெள்ளி போன்ற மெல்லிய தகட்டை அகன்ற காதுள்ள தட்டை ஊசியில் கோர்த்து, வலைக் கண்களுக்குள் விட்டு மடித்து, நகத்தால் அழுத்தி வெட்டுவார்கள். அப்படியே ஒவ்வொரு புள்ளியாகப் பேரீச்சை மரமும் ஒட்டகமும் மனித உருவும் அந்தத் துணியில் எழும். சமீராவின் தாயாருடைய சால்வையைத் தூக்கிப் பார்த்த அக்கா, இவ்வளவு பாரமா என்று வியந்தார். வலைத்துணியோடு வருடக்கணக்கில் மாரடித்தவர் அல்லவா.

அப்போது ஆரணி பல்கலைக்கழகத்தில் பார்மசி படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சமீரா தொலைபேசியில் ஒரு புது மாணவிக்கு அளவுகள் சொன்னார். பிள்ளைக்குக் கூச்சம், நேரில் வரமாட்டாள் என்றார். கடைசியாக, வலது தோள் சற்று இறக்கம், அந்தப் பக்கப் பட்டியை உயர்த்தித் தையுங்கள் என்றார். ஆரணியின் பள்ளிச் சட்டை ஒவ்வொன்றிலும் வலது தோளை உயர்த்தித் தைத்தவர் அக்கா. ரிசீவரை வைத்துவிட்டு, அது ஆரணிதான் என்று அன்று அங்கே போயிருந்த என்னிடம் சொன்னார்.

மறுநாள் அக்கா சமீராவின் வீட்டுக்குப் போனார். என் பிள்ளையை எனக்குத் தெரியாமல் ஏன் சேர்த்தாய் என்று கேட்டிருக்கிறார். ஆரணி வளர்ந்த பெண், சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள் என்று சமீரா சொன்னார். பிறகு தன் கதையையும் சொன்னார். கெய்ரோவிலும் கலியாண வீட்டுக்கு ஆட்டக்காரியைக் கூப்பிடுவார்கள். தங்கள் வீட்டுப் பெண் ஆடினால் மட்டும் கதவைச் சாத்திவிடுவார்கள். அவருடைய சகோதரர்கள் அவரோடு பேசுவதில்லை. அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து என்னிடம், "ஊராற்றை பிள்ளையளுக்குத் தைப்பன், என்ரை பிள்ளை ஆடக்கூடாது எண்டால், நான் என்ன மனிசி?" என்றார். ஆனாலும் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அத்தானிடம் சொல்லவும் இல்லை.

சமீரா கேட்ட இரண்டு துண்டு உடுப்பை அவர் தைக்கவில்லை. வால்தம்ஸ்டோ சந்தையில் கறுப்பு வலைத்துணி வாங்கினார். கிறீன் ஸ்ட்ரீட்டில் சரிகைத் தகட்டுச் சுருள் வாங்கினார். சமீராவின் தாயாருடைய சால்வையை இரவல் வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்துத் தானே தகடு கோர்த்து மடிக்கப் பழகினார். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய ஒரு நீண்ட சட்டை. அதற்கு ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் பிடித்தன. விரல்களில் தகடு கீறிய காயம் ஆறாமலே இருந்தது. இதைவிட உயர்ந்த நடன உடுப்பு எகிப்திலேயே இல்லை என்று எனக்குச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. முன்பக்கம் முடிந்து, பின்பக்கம் பாதியில் இருக்கும்போதே பொறுக்கமாட்டாமல் ஆரணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆரணி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் கேட்டபடி தைத்துக் கொடுக்கும் அம்மா, தன்னை மட்டும் மூடி வைக்கப் பார்க்கிறா என்றாள். அத்தான் சத்தம் கேட்டு வந்தார். எல்லாம் அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அங்கே பேசப்பட்ட வார்த்தைகளை இங்கே எழுத விரும்பவில்லை. ஆரணி பையைத் தூக்கிக்கொண்டு லெஸ்டரில் இருந்த சிநேகிதியிடம் போய்விட்டாள். படிப்பை முடித்து அங்கேயே வேலையும் எடுத்தாள். தீபாவளிக்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். அக்கா சமீராவின் மாணவிகளுக்குத் தைப்பதை நிறுத்தினார். பிறகு எவருக்குமே தைக்கவில்லை. மனோர் பார்க் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போவார். யாரோடும் பேசாமல் திரும்பிவிடுவார்.

குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் பரவியிருந்தது. செய்தி கேட்டு ஆரணி வந்தாள், வேலையையும் விட்டுவிட்டு. சிகிச்சை மருந்தால் அக்காவின் விரல் நுனிகள் மரத்துப்போயின. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவே முடியாதவர், ஒரு நாள் அந்தச் சட்டையை எடுத்து வரச் சொல்லி ஊசியில் தகடு கோர்க்கப் பார்த்தார். ஊசி கைநழுவிப் போய்க்கொண்டே இருந்தது. ஆரணி அதை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு தாய் படுக்கையிலிருந்து சொல்ல, மகள் தகட்டைக் கோர்த்து மடித்தாள். சரியாக வராத புள்ளிகளை அக்கா பிரிக்கச் சொல்வார், அவள் மறுப்பாள், இருவரும் கோபித்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு பின்னேரம் நான் கஞ்சியோடு அறைக்குள் போனபோது ஆரணி கேட்டுக்கொண்டிருந்தாள்: "அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. வடிவெண்டுதானா இப்பிடித் தைச்சனீங்கள்?"

அக்கா அவள் மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். "இல்லை மோனை. பயத்திலைதான் மூடினனான். வடிவெண்டது பிறகு எனக்கு நானே சொன்னது."

"ஆருக்குப் பயம்?"

"சனத்துக்கு. அவையள் உன்னைப் பாக்கிற பார்வைக்கு. எனக்குத் தெரியும்தானே அந்தப் பார்வை."

ஆரணி அழுதாள். தான் போயிருக்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை; போ, ஆடு என்று அக்காவும் சொல்லவில்லை. இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று நடந்தது அவ்வளவுதான். கஞ்சியை ஆரணி ஊட்டிவிட்டாள். சட்டையின் பின்பக்கத்தில் ஒரு கை அகலம் மீதியிருக்கும்போது அக்கா கண்ணை மூடினார். அவர் ஆரணி ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. அவளும் இந்த ஒரு வருடமாக ஆடவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

நோய்க்காலத்தில் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வாங்கில் உட்கார்ந்து விடியும்வரை காத்திருந்த அத்தானுக்கும், வீட்டுக்கு வந்து பராமரித்த நேர்ஸ்மாருக்கும், லூயிஷாமிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போன மச்சாளுக்கும், இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்னொரு நன்றியும் இருக்கிறது. அன்று தகனசாலையின் கடைசி வரிசைக்குப் பின்னால், இருக்க இடமிருந்தும் இருக்காமல், கறுப்பு உடுத்த பத்துப் பதினைந்து பெண்கள் நின்றதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் சமீராவும் அவருடைய மாணவிகளும். அவர்கள் யார் என்று உங்களில் பலர் கேட்டீர்கள்; பதில் தெரிந்த சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அக்கா தைத்துக் கொடுத்த உடுப்பில் தங்கள் உடம்பைப் பற்றிய வெட்கம் போயிற்று என்று அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர்களுக்கு இந்த மலரை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த உங்களிடம்தான் கேட்கிறேன்: ஆண்டுத் திவசச் சாப்பாட்டுக்கு அவர்களையும் அழைத்திருக்கிறோம். தயவுசெய்து அவர்கள் உட்கார வாங்கில் உங்கள் பக்கத்தில் இடம் விடுங்கள்.