லூர்தக்காவை உள்ளே விடாதவர்கள்

லூர்தக்கா இறந்த செய்தி எங்கள் மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது வார்டுக்குள் மதியச் சாப்பாட்டு வண்டி வந்துகொண்டிருந்தது. முந்தின நாளே அவருடைய ஊரான பெரியதாழையில் அடக்கம் முடிந்துவிட்டதாம். செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவருடைய அறையைப் பிடுங்கிய நிர்வாக அதிகாரியும் ஒரு கும்பிடு போட்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவரை அறிந்த நீங்கள் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டீர்கள். அவரும் பாதி நேரம் எரிச்சலில் இருந்தவர்தானே.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் டாக்டர் இல்லை, என்னைப் போல நர்சும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. நோயாளிகளோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசவும், கேட்டால் ஜெபிக்கவும் வேலைக்கு வைக்கப்பட்டவர். நோயாளி விரும்பினால் மாதா கோயிலுக்குச் சொல்லிப் பங்குச் சாமியாரை வரவழைப்பதும் அவர்தான். வினை அதில்தான் இருந்தது. சாமியார் வந்து அவஸ்தை என்கிற புனித எண்ணெயை நோயாளிக்குப் பூசிவிட்டால் ஆள் பிழைக்காது என்று எங்கள் கடற்கரையில் ஒரு பயம். நோயில் தெம்பு கிடைக்கத்தான் பூசுகிறோம் என்று எத்தனை பிரசங்கம் வைத்தாலும் யார் காதிலும் ஏறாது. நினைவு இருக்கும்வரை தள்ளிப்போட்டுவிட்டு, நினைவு தப்பியதும் சாமியாரைத் தேடி ஓடுவார்கள். லூர்தக்கா வந்தால் பின்னாலேயே எண்ணெய் வரும் என்று அவரையும் வாசலில் மறித்தார்கள்.

அதனால் அவர் எல்லாக் கட்டிலுக்கும் போக ஆரம்பித்தார். கால் முறிந்தவன், குடலிறக்கக்காரர், நாளைக்கு வீட்டுக்குப் போகிறவர், ஒருவரையும் விடமாட்டார். "நான் வந்தா சாவு வரும்னு நெனைக்காவ. எல்லார்கிட்டயும் போனா யாருக்குன்னு பயப்படுவாவ?" என்பார்.

திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவர் ஈரல் கெட்டுக் கிடந்தார். அவர் மனைவி லூர்தக்காவை அண்டவிடவில்லை. அதனால் அக்கா பக்கத்துக் கட்டிலில் இருந்த புதுக்கோட்டைக் கடைக்கார அண்ணாச்சியிடம் உட்கார்ந்து, சீலா மீன் விலையைப் பற்றி வேண்டுமென்றே தப்பாகப் பேசினார். படகுக்காரருக்குப் பொறுக்கவில்லை, திருத்தினார். அப்படியே பேச்சு ஒட்டிக்கொண்டது. மனைவி மருந்து வாங்கப் போன நேரத்தில் அவர் குரலைத் தாழ்த்தி, "பொழைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்க்கா. அவகிட்ட மட்டும் சொல்லிராதீய, தாங்கமாட்டா" என்றார். மனைவி புருஷனைப் பற்றி அதையேதான் காலையில் வராந்தாவில் அக்காவை மறித்துச் சொல்லியிருந்தாள்.

லூர்தக்காவுக்கு வந்ததே கோபம். திரும்பி வந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தார். "ஏளா, இவருக்கு எல்லாம் தெரியும். ஒனக்கும் தெரியும். இருக்கிற நாளையும் நடிச்சே தீக்கப்போறியளா?" என்று கேட்டுவிட்டுத் திரையை இழுத்து மூடினார். உள்ளே முதலில் சண்டைதான் கேட்டது. பிறகு அழுகை, அதன்பிறகு பிள்ளைகளைப் பற்றிய பேச்சு. அவர் வெளியே காவல் நின்றார். ஊசி போடப் போன என்னையும் விடவில்லை.

ஆற்றங்கரைக் கிராமத்து விவசாயி ஒருவர் திருநீறு கேட்டபோது அக்கா என்னைத்தான் தேடி வந்தார். "நீ பூசு. ஒனக்குப் பழகுன கை" என்றார். நான் பூசி முடிக்கும்வரை கட்டிலருகே கைகட்டி நின்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிரே அவருக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. கெட்ட செய்தி கேட்டவர்கள் அங்கேதான் அழுவார்கள். இன்சூரன்ஸ் கவுண்டருக்கு வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. முன்கூடத்தில் சோபா போட்டிருக்கிறோமே என்றார்கள். டி.வி.க்குக் கீழே எப்படி அழுவது என்று அக்கா கேட்டார். அறை போயிற்று. ஜெனரேட்டர் பக்கத்து வேப்பமரத்தடிதான் பிறகு அவருடைய அறை. அங்கே அவர் சொல்லும் ஆறுதல் பாதி காதில் விழாது. பரிவே எங்கள் பணி என்ற பலகை மட்டும் வாசலில் இன்னும் பளபளப்பாக இருக்கிறது.

கணையத்தில் புற்று என்று தெரிந்ததும் மகன் அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார். விடுப்பு எடுத்துப் பார்க்கப் போனேன். அறை வாசலிலேயே மகன் கும்பிட்டு நிறுத்தினார். "சிஸ்டர், அம்மாவுக்குச் சாதாரண கட்டின்னுதான் சொல்லியிருக்கோம். ஒங்களப் பாத்தா தெரிஞ்சிரும்" என்றார். முப்பது வருடம் இதே பொய்யோடு மல்லுக்கட்டியவருக்கு இது தெரியாதா என்று கேட்டேன். கெஞ்சியும் பார்த்தேன். அவர் அழுதுகொண்டே கதவை மறித்து நின்றார், பெற்ற மகன். தள்ளிவிட்டு நுழைய எனக்கு என்ன உரிமை? வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். சாமியாரையும் அக்காவுக்கு நினைவு தப்பியபின்தான் கூப்பிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

செய்தி தெரிந்த மறுநாள் பெரியதாழைக்குப் போனேன். அக்காவின் மருமகள் என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னாள். நினைவு இருந்த கடைசி நாட்களில் அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தரும் வரலியா?" என்று கேட்டாராம். எல்லோருக்கும் வேலை இருக்கும் என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "சரி, அவுகளுக்கும் பயமா இருக்கும்" என்றாராம்.

அவருடைய பொறுமையையோ ஜெபத்தையோ நான் வைத்துக்கொள்ளவில்லை, அவை எனக்கு வராது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டேன். இன்று காலை ஒரு மகள், அப்பாவைப் பார்க்க வந்தவர்களை வாசலில் மறித்துக்கொண்டிருந்தாள். அவளை நகர்த்திவிட்டு அவர்களை நானே உள்ளே கூட்டிப்போனேன். அவள் என்மேல் புகார் கொடுக்கப்போகிறாளாம், கொடுக்கட்டும்.

அக்கா, எனக்குப் பயமில்லை. நான் வந்திருந்தேன்.