குள்ளம்மாள் பார்த்த கூத்து

இண்டூர்ப் பக்கத்தில் அருச்சுனன் வேஷம் என்றால் பச்சியப்பன்தான் என்று ஊரெல்லாம் ஒத்துக்கொண்டிருந்தது. ஒத்துக்கொள்ளாதவள் ஒருத்திதான், அவன் பெண்சாதி குள்ளம்மாள். பகை ஒன்றுமில்லை. அவள் அந்த வேஷத்தைப் பார்த்ததே இல்லை.

காரணம், அவள் சேலை. கூத்தில் ராஜா வேஷக்காரனுக்கு இடுப்புக்குக் கீழே பாவாடை குடைபோல விரிந்து நிற்க வேண்டும். பாவாடை தொங்கிப்போனால், கையில் வில் இருந்தாலும் ஊர் அவனை வாயிற்காவலன் என்றே நினைக்கும். அந்த விரிவுக்காக உள்ளே சேலைகளைக் கொசுவிக் கொசுவிக் கட்டுவார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் சேலை தருவது வழக்கம். அருச்சுனன் இடுப்பைச் சுற்றி வந்த சேலையை உடுத்தினால் பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. யுத்தம் வந்து துணிக்குக் கட்டுப்பாடு போட்டதும், நம்பிக்கை அப்படியே இருந்தது, சேலை மட்டும் நின்றுபோயிற்று. மாமியாரும் மருமகளும் ஒரே சேலையை முறைவைத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்த காலம். ஊரார் கொடுக்காததைக் கட்டிய பெண்சாதியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

யுத்தத்துக்கு நடுவில் கல்யாணமாகி வந்த குள்ளம்மாளுக்கு இருந்ததே ஒன்று, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலை. கூத்து நடக்கும்போதெல்லாம் அது அருச்சுனனோடு போய்விடும். அவள் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, கதவைச் சாத்தி, மத்தளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். தாய்மாமனையே கட்டியவள் என்பதால் பேச்சில் பயம் கிடையாது.

"எப்பிடி ஆடுன மாமா?"

"நல்லாத்தான் ஆடுனேன். உன் சேலைதான் வேர்வையில ஊறிப்போச்சு."

"சேலைக்கிருக்கிற குடுப்பின எனக்கில்ல பாரு. அது ஊரு ஊராப் போயிப் பாத்துட்டு வருது. நானு ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும், அப்பறம் நீயே கட்டிக்க அத."

அவன் சிரித்தான். சிரிப்பைத் தவிர அவனிடமும் வேறு ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில் பென்னாகரம் சாலைப் பங்களாவில் தனியாக இருந்த கிழத் துரைசானி காலமானாள். ஏலத்துக்குச் சாமான் சுமக்கப் பச்சியப்பன் போனான். ஒரு மரப்பெட்டியில் வெள்ளைப் பாவாடை ஒன்று இருந்தது. துரைசானியின் தாய் போன நூற்றாண்டில் ஐரோப்பாவில் பாலே நாட்டியம் ஆடியவளாம். கால் கட்டைவிரல் நுனியில் அவள் நிற்கும் படமும் கூடவே இருந்தது. பாவாடை அடுக்கடுக்காக இருந்தது. பிரித்தால் ஒரு தெருவுக்கே தோரணம் கட்டலாம், ஆனால் ஒரு பெண் மானத்தை மறைக்க ஒரு முழம் தேறாது. அத்தனையும் சல்லடை. நாடே துணிக்கு அலைந்தபோது அந்தத் துணியை மட்டும் யாரும் கேட்கவில்லை. "மோரு வடிகட்டலாம்" என்று ஒருவன் சொன்னதோடு சரி. கூலியோடு சேர்த்து அதைப் பச்சியப்பன் தோளில் போட்டு அனுப்பினார்கள்.

அவன் இடுப்பில் வைத்துப் பார்த்தான். உள்ளே எதையும் திணிக்காமலே விரிந்து நின்றது.

"வெள்ளக்காரியும் அருச்சுனன் வேஷந்தான் கட்டியிருக்கா, புள்ள" என்று வீட்டுக்கு வந்து சொன்னான். "இந்தா, உன் சேல உனக்கு. நாளைக்கு முன்னால வந்து குந்து."

"நெசமாவா?"

"வராம இரு, அப்பறம் பேசிக்கறேன்."

அந்தப் பாவாடையின் சரித்திரத்தில் இன்னொரு பாதி உண்டு, அது இண்டூர் வரை வரவில்லை. காற்றில் மிதப்பவள்போலத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த நாட்டியக்காரிகளுக்கு அத்தனை மெல்லிய துணி. மேடை ஓரத்தில் வரிசையாகத் தீ விளக்கு. ஓரம் பட்டால் போதும், ஆள் மிஞ்சமாட்டாள். பல பெண்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். தீப்பிடிக்காதபடி துணியை மருந்தில் முக்கலாம் என்று கண்டுபிடித்தும் சொன்னார்கள். முக்கினால் வெண்மை போய்விடுகிறது என்று பெண்களே மறுத்துவிட்டார்கள். உயிரைவிட வெண்மை பெரிதா என்று கேட்கலாம். ஆடுகிறவர்களிடம் கேட்கக் கூடாது.

மறுநாள் குள்ளம்மாள் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் என்பதால் பெட்ரோமாக்ஸ் மூலைக்குப் போய், பழைய தீவட்டிகள் திரும்பி வந்திருந்தன. இரண்டு ஆட்கள் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து பச்சியப்பன் சலங்கையோடு வெளிப்பட்டான். பாவாடையின் ஓரம் நுரைபோல நீண்டிருந்தது. அவ்வளவு அகலமான அருச்சுனனை ஊர் கண்டதில்லை. குள்ளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உடனே அழுதாள். அவன் அவளைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினான்.

தீவட்டிக்காரன் விலகத்தான் விலகினான். அவன் விலகிய தூரத்தைவிடப் பாவாடை அகலம்.

எல்லோரும் எழுந்து ஓடியபோது ஒருத்தி மட்டும் தீயை நோக்கி உள்ளே ஓடினாள். ஓடும்போதே சேலையை உருவி அவன்மேல் போட்டு அமுக்கினாள். சேலையில்லாமல் வாசல் தாண்டாதவள், ஊர் நடுவில் அப்படி நின்றாள். கூத்து வாத்தியார் ராஜப்பன் திரையைக் கொண்டுவந்து அவளைப் போர்த்தினார்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் பச்சியப்பன் சில நாள் கிடந்து, போய்ச் சேர்ந்தான். பெண்சாதி கண் பட்டுவிட்டது என்று ஊர் முடிவுசெய்தது. தீ பட்டதை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கருமாதியன்று தாய்வீடும் பங்காளிகளும் முறை தவறாமல் அவளுக்குக் கோடி போட்டார்கள். எங்கெங்கே அலைந்து வாங்கினார்களோ தெரியாது. உயிரோடிருந்த புருஷன் எடுத்துத் தரமுடியாத புதுச்சேலை, செத்ததும் மடி நிறைய வந்து விழுந்தது.

அடுத்த சித்திரையில் ராஜப்பன் அவள் வாசலுக்கு வந்தார்.

"கேக்கக் கூடாதுதான், தங்கச்சி. ஊருல வேற எங்கயும் சேல இல்ல."

அவள் உள்ளே போய் அத்தனையையும் எடுத்து வந்தாள்.

"மடிப்புக்கூடக் கலையலியேம்மா."

"எங்க கட்டிக்கிட்டுப் போறது, வாத்தியாரே?" என்றாள் அவள். "யாரு ஆடறது?"

"மாதேஸு."

"சின்னப் பையன். தீவட்டிய எட்டப் புடிக்கச் சொல்லுங்க."

சரியென்றார் ராஜப்பன். நீயும் வந்து பாரம்மா என்று சொல்ல வாயெடுத்தவர், ஊரை நினைத்துக்கொண்டு, மூட்டையைத் தோளில் ஏற்றினார்.