துரையின் வாசனை

"வெள்ளைக்காரன் வீட்டுச் சோத்துல வளந்த ஆளு லா, அதான் வாயில பைப்பு" என்று மலாக்காவின் பாச்சாங்கில் பெரியதம்பியைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. சாப்பாட்டுக் கடையில் மத்தியானச் சமையல் முடிந்ததும் பின்பக்கக் கால்வாய் ஓரம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டிருப்பார். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. பலகையில் இடம் இருந்தாலும் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. ஏன் இந்தப் பழக்கம் என்று கேட்டால் "பழகிப்போச்சி" என்பதோடு சரி. சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசைப்பட்டுப் பிடித்த பழக்கமா அது? நான் பக்கத்தில் உட்கார்ந்தவன். எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார், கோத்து எழுதுகிறேன்.

ஐம்பத்தோராம் ஆண்டு, மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். தோட்டத்துரைமார்கள் மேல் அவர்களுக்குத் தனிக் கண். அலோர் காஜாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் பெரியதம்பி. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. பொழுது சாய்ந்து, மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்துவிட்டால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குமேல் வெளியே நடமாடுகிறவன் உயிர் அவன் பொறுப்பு.

அந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துத் துரையைச் சடக்கில், நடு ரோட்டிலேயே சுட்டுப் போட்டார்கள். நம் துரை பங்களாவில் படுக்கவே பயந்தார். ராத்திரி மலாக்கா டவுனில் போய்ப் படுப்பது என்று முடிவு செய்தார். அது வெளியே தெரிந்தால் கம்பெனி சீட்டைக் கிழிக்கும். காலிப் பங்களாவைக் காட்டுக்காரர்கள் கொளுத்துவார்கள். அதனால் சாயங்காலம் டவுனுக்குப் போகும் ஜீப்பின் பின்னால், கித்தான் துணிக்கு அடியில் மூட்டையாகப் படுத்துக்கொண்டு போவார். தான் சுட்ட புலியோடு நின்று பிடித்த போட்டோவைக் கூடத்தில் மாட்டி வைத்திருந்த மனிதர்.

துரை பங்களாவில்தான் இருக்கிறார் என்று தோட்டம் நம்ப வேண்டுமே? அதற்கும் வழி வைத்திருந்தார். அங்கே துரையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் தெரிந்துகொள்வார்கள். பால்மர வரிசைக்குள் அந்த இனிப்புப் புகை வந்துவிட்டால் கங்காணி பீடியை மிதித்து அணைப்பார். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு மரத்தைப் பார்ப்பார்கள். ஆகவே துரையின் நாற்காலியில், துரையின் பைப்போடு, விளக்கில்லாத வராந்தாவில், மூங்கில் திரைக்குப் பின்னால் தினமும் பெரியதம்பி உட்கார வேண்டும்.

"நீ பேசாதே. இருமாதே. புகை மட்டும் போதும்" என்றார் துரை, தோட்டத் தமிழில். குண்டு வந்தால் துரைக்கு வர வேண்டியது குசினிக்காரருக்கு வரும். அதைத் துரை சொல்லவில்லை, பெரியதம்பியும் கேட்கவில்லை. உத்தியோகம் போய்விடுமே என்று ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

முதல் நாள் பீடி இழுப்பது போல நெஞ்சு வரைக்கும் இழுத்தார். தலை சுற்றி, துரை ஆசையாக வளர்த்த குரோட்டன் செடி மேலேயே வாந்தி எடுத்தார். மறுநாள் நாக்கு வெந்துபோனது, சுண்ணாம்பு கூடிப்போன வெற்றிலையைப் போட்டது மாதிரி. இறுக்கி அடைத்தால் இழுக்க வராது, தளர்வாக அடைத்தால் கொதிக்கும். கடைசியில் அடுப்பை வைத்துத்தான் விஷயம் பிடிபட்டது. பாகு காய்ச்சும் தணல் போதும் இதற்கு, ஊதி ஊதி எரிக்கக் கூடாது. புகையை விழுங்காமல் வாயில் வைத்திருந்து மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டால், ருசி அங்கேதான் இருந்தது. மழைக்காலத்தில் புகையிலை நமுத்துப் பூசணம் பிடித்தது. சுளகில் பரப்பி, வடகம் போல வெயில் காட்டி எடுத்தார்.

துரையிடம் மூன்று டின்கள் இருந்தன. ஒன்று அந்தத் தோட்டமறிந்த இனிப்பு. அதில் கஸ்டர்டுக்கு விடும் வெண்ணிலா எசென்ஸ் வாசனையைப் பெரியதம்பி மோந்த உடனே கண்டுபிடித்தார். இரண்டாவது, சாராயத்தில் ஊறிய திராட்சை. மூன்றாவது கறுப்பாக, ரப்பர் ஷீட் காயப் போடும் புகைக்கொட்டகை போலவே நாறியது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற நாற்றத்தை வெள்ளைக்காரன் டின்னில் அடைத்துக் காசு கொடுத்து வாங்குகிறானே என்று தனியாகச் சிரித்தார். ஆனால் ஒரு சிட்டிகை கறுப்பை இனிப்போடு சேர்த்தபோது, திகட்டல் போய் அடிநாக்கில் ஒரு காரம் நின்றது. பாயசத்துக்கு உப்புக்கல் போடுகிற கணக்கு. ஏலக்காய்த் தோலைக்கூட நுணுக்கிப் போட்டுப் பார்த்தார். புகை பிடிக்கும் அந்த நேரம் மெல்ல மெல்ல அவருக்கே பிடித்துப்போனது. இன்றைக்குக் கலந்தது நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும் என்றிருக்கும். இல்லை.

ஏனென்றால் துரை இன்னொரு கட்டளையும் போட்டிருந்தார். "லயத்துப் பக்கம் போகாதே. என் வாசனை உன் மேல் இருக்கு." உண்மைதான். சட்டையில், முடியில், துவைத்த துண்டில்கூட அது இருந்தது. நாலு பேர் நடுவே போய் நின்றால் நாற்பது கேள்வி வரும். எல்லோரும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தார்கள். குழந்தைகள் அழுவதும் பெண்கள் சண்டை போடுவதும் கேட்கும். இவருக்கோ ஊமை கண்ட கனவு.

அந்த லயத்தில்தான் ஜெயமணி இருந்தாள். பால்மரம் சீவுகிறவள். புருஷனை இழந்து, அண்ணன் சுப்பன் வீட்டில் ஒண்டியிருந்தாள். மாரியம்மன் திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, "திருநா முடியட்டும், வந்து ஒங்க அண்ணங்கிட்டப் பேசுறேன்" என்று பெரியதம்பி அவளிடம் சொல்லியிருந்தார். அவள் தலையை ஆட்டியிருந்தாள். திருவிழா முடிந்த வாரமே இந்த வேலை வந்து சேர்ந்தது. சொந்தமாக ஒரு வீடு, எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒருத்தி என்று அவர் ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒரு பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. நிலைமை சரியாகட்டும், அவள் காத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை, வெளிச்சம் மங்குகிற நேரம். வராந்தாவுக்குக் கீழே கம்பிவேலியை ஒட்டி லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. எல்லோரும் போன பிறகு ஒரு ஆள் மட்டும் நின்றது.

"தொரே, குத்தமா நெனைக்காதீங்க. ஆபீஸ் கெராணிகிட்டச் சொன்னா லயம் பூரா தம்பட்டம் அடிப்பாரு. அதான் ஒங்ககிட்டயே வந்தேன்."

ஜெயமணியின் குரல். பெரியதம்பி பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"ஒங்க குசினிக்காரரு அண்ணங்கிட்ட வந்து பேசுறேன்னு சொன்னாரு. ஆறு மாசமா ஆளையே காணோம். நாளைக்கிக் காலயில அண்ணன் லோரி புடிச்சி சிகாமட் தோட்டத்துக்குப் போறாரு. என்னயும் வரச் சொல்றாரு. இவரு வருவாரா மாட்டாரான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. வருவாருன்னா நா இருந்துக்கிறேன்."

திரைக்குப் பின்னால் அவர் எழுந்தேவிட்டார். அப்போது அவள் மறுபடி பேசினாள்.

"நல்ல மனுசன் தொரே. என் புருசன் செத்தப்ப எல்லாரும் துக்கம் கேட்டுட்டுப் போய்ட்டாங்க. இவரு ஒருத்தருதான் ஒரு சட்டி ரசம் கொண்டாந்து வச்சிட்டு, அணைஞ்சி கெடந்த அடுப்பப் பத்த வச்சிட்டுப் போனாரு. அதக் குடிச்சப்புறந்தான் எனக்கு நாக்குல ருசியே வந்திச்சி. அன்னையிலேருந்து இவருதான்னு மனசுல வச்சிருக்கேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். பைப்பு வாய்க்குப் போனது. புகை திரையைத் தாண்டிக் கீழே இறங்கியது.

"கேக்குறீங்கன்னு தெரியும் தொரே. வாசம் வருது." அவள் காத்திருந்தாள். தண்டவாளத்தை அடித்தார்கள். இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு லயத்தை நோக்கி ஓடினாள்.

பொழுது விடிந்ததும், துரை திரும்பி வருவதற்குள், பெரியதம்பி லயத்துக்கு ஓடினார். லோரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. சுப்பன் முன்னால் டிரைவரோடு இருந்தான். ஜெயமணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் இவரைக் கண்டதும் இறக்கி வைத்தாள்.

"போவாதே ஜெயமணி. இப்பவே ஒங்க அண்ணங்கிட்டப் பேசுறேன்."

அவள் முகம் மலர்ந்தது. "தொர சொல்லி அனுப்புனாரா?"

ஆமாம் என்றிருந்தால் முடிந்தது. அடுத்த முகூர்த்தத்தில் தாலி ஏறியிருக்கும். ஆனால் கித்தானுக்கு அடியில் மூட்டையாகப் போகிற மனிதர் தன் கல்யாணத்தையும் முடித்து வைத்ததாக இருப்பது பெரியதம்பிக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாசம் அடைத்துக் கிடந்த வாய் வேறு.

"தொர அங்க இல்ல. ராத்திரியில அவரு டவுனுல. நேத்து நாந்தான் இருந்தேன்."

அவள் கிட்டே வந்து அவர் சட்டையை மோந்து பார்த்தாள். மலர்ந்த முகம் கறுத்தது.

"நா பேசுனதெல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"தொர பேசாம இருந்தா அது தொரத்தனம். நீங்க பேசாம இருந்தீங்களே, அது என்னா?"

வேலை போய்விடும் என்றிருக்கலாம். காட்டுக்காரன் காதுக்கு எட்டினால் உயிர் போகும் என்றிருக்கலாம். இரண்டும் மெய்தான், ஆனால் அவரை அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வைத்தது இரண்டுமில்லை.

"என்னப் பத்தி யாரும் அப்புடிப் பேசி நா கேட்டதே இல்ல ஜெயமணி. நீ இன்னும் கொஞ்சம் பேசுவேன்னு இருந்துட்டேன்."

அவள் திட்டவில்லை. மூட்டையை லோரியில் போட்டுவிட்டு ஏறி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். வண்டி நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எறங்கி வந்திருந்தா ஆயுசுக்கும் பேசியிருப்பேனே."