டார்ச் தின்ற சார்ஜ்

செல்போன் பழுதுபார்க்கும் அவரை எல்லோரும் பேட்டரி அண்ணன் என்பார்கள். அப்டேட் போட்டதும் சார்ஜ் நிற்கவில்லை என்று யார் வந்தாலும், “ரெண்டு நாள்ல சரியாயிடும், போங்க” என்று எரிந்து விழுவார். பேட்டரியை மாற்றவே மாட்டார்.

எதிர்வீட்டுப் பெண் விடவில்லை. “அப்டேட் ஆகி ரெண்டு வாரமாச்சுண்ணே. செத்துப்போன என் வீட்டுக்காரர் போன் இது. காலையில ஃபுல்லா சார்ஜ் ஏத்தி, டிராயர்ல வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தா காலி.”

சார்ஜ் எதில் போனது என்ற பட்டியலைத் திறந்தார். டார்ச், எட்டு மணி நேரம்.

“அவருக்கு இருட்டுன்னா பயம்ணே,” என்றாள் மெல்ல.

அண்ணன், அவள் கேட்காமலே புதுப் பேட்டரியைப் போட்டுக் கொடுத்தார்.

“இனிமே டிராயரப் பூட்டாதம்மா.”